குட்டிக் கோசு போட்ட வருஷம்

எஸ்டேட் ஆஃபீஸ் வராந்தாவில் ஒரு நீள மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் விதைப் பொட்டலங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் வர்ணப் படம். குழந்தையின் தலை அளவுக்கு ஒரு முட்டைக்கோசு. அடர் சிவப்பில் பீட்ரூட். தோலைப் பிளந்து மணிகளைக் காட்டும் பட்டாணி. மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தகரக் கூரையின் விளிம்பு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஃபாக்டரியிலிருந்து தேயிலை வறுபடும் வாசனை ஏறி வந்தது.

ஸ்டாஃப் வீட்டுப் பெண்கள் பன்னிரண்டு பேர் படிக்கட்டில் நின்றிருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் துரைசானி. மானேஜர் துரையின் மனைவியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பக்கத்தில் கைகட்டி நின்றவர் என் கணவர் சிவசாமி. ஆஃபீஸில் இரண்டாவது கிளார்க். துரைசானியின் இங்கிலீஷைத் தமிழாக்குவதும் எங்கள் தமிழை இங்கிலீஷாக்குவதும் அன்றைக்கு அவர் வேலை.

எங்கள் முறை வந்தது. எங்கள் என்றால் எனக்கும் பக்கத்து வீட்டுக் கதீஜா அக்காவுக்கும். இரண்டு வீட்டுக்கு ஒரு பாத்தி, ஒரு பாத்திக்கு இரண்டு பொட்டலம் என்பது ஏற்பாடு.

"முள்ளங்கி எத்தன நாளுல வருமுங்க?" என்று அக்கா கேட்டாள்.

என் கணவர் குனிந்து துரைசானியிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. அவர் முள்ளங்கியைத் தொடவேயில்லை. மேசையின் ஓரத்திலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்து நீட்டினார்.

"முள்ளங்கி தீந்துபோச்சுங்க அக்கா. இந்த ரெண்டும்தான் உங்க பாத்திக்கு" என்றார் என் கணவர்.

என் கண்ணெதிரிலேயே மேசையில் மூன்று முள்ளங்கிப் பொட்டலங்கள் இருந்தன. சிவப்பு முள்ளங்கி, பச்சைத் தழையோடு. நான் அவரைப் பார்த்தேன். அவர் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாத்தி வந்த கதை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அரிசி ரேஷனில் வந்தது. வாரத்தில் பாதி நாள் ராகி, மீதி நாள் சோளம். காய்கறி ஊட்டியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் பெட்டி பெட்டியாகக் கீழே போய்விடும். கேத்திப் பள்ளத்தாக்கு முழுக்கக் கேரட்டும் கோசுமாக விளைந்தாலும், மஞ்சூர் ரோட்டில் உள்ளொதுங்கிக் கிடந்த எங்கள் எஸ்டேட்டுக்கு வாடிய கீரைக்கட்டுதான் வந்து சேரும். அப்போதுதான் துரை ஒரு யோசனை செய்தார். ஃபாக்டரிக்குக் கீழே, ஓடைக்கரையில், தேயிலை பிடிக்காத ஒரு சரிவு சும்மா கிடந்தது. அதை ஆறாகப் பிரித்து ஸ்டாஃப் குடும்பங்களுக்குக் கொடுத்தார். எங்களுக்குத் தோட்டம் என்றால் தேயிலைதான். அதனால் அந்த இடத்துக்குப் பாத்தி என்று பேர் வந்துவிட்டது.

முதல் வருஷம் நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கல்யாணமாகிக் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து எட்டு மாதம். எனக்குப் பத்தொன்பது வயது. அம்மா கைக்குட்டையில் முடிந்து கொடுத்த கத்திரி விதை என் பெட்டியில் இருந்தது. அதைத்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன்.

"பனி உழுகும் அம்மிணி. கத்திரி தாங்காது" என்றாள் கதீஜா அக்கா.

"எங்கூர்ல பனி இல்லீங்களா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் ஈரத்துக்குத்தான் பனி என்று பேர். மலையில் பனி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது.

 அக்கா தன் பாதியிலும் எனக்காகக் கத்திரியே வைத்தாள். செடி முழங்கால் உயரம் வந்து, ஊதாப் பூவும் வைத்துவிட்டது. நான் தினமும் போய் எண்ணிவிட்டு வருவேன். மார்கழியில் ஒரு விடியற்காலை கதவைத் திறந்தால் சரிவு முழுக்க உப்பைக் கொட்டினாற்போல வெள்ளை. வெயில் ஏறியதும் அத்தனை செடியும் வெந்நீர் ஊற்றியதுபோலக் கறுத்துத் தொங்கிவிட்டன. நான் ஓடைக்கரையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா, "நான் சொன்னேனில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கறுத்த செடிகளைப் பிடுங்கிக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினாள்.

ஆகவே இரண்டாவது வருஷம் விதை பொறுக்கும்போது எனக்கு ரோஷம் இருந்தது. இந்த மண்ணுக்கும் இந்தக் குளிருக்கும் ஏற்ற புது ரகம் எது என்று ஆனி மாதத்திலிருந்தே விசாரித்து வைத்திருந்தேன். பட்டாணி போட்டால் ஓடைக்கரை ஈரத்தில் சாம்பல் பூத்துவிடும். பீட்ரூட்டை முயல் விடாது. தலை அளவுக்கு வரும் முட்டைக்கோசுதான் சரி என்று முடிவு செய்திருந்தேன். அதைத்தான் என் கணவர் வாங்கித் தரவில்லை. கைக்கு வந்ததோ லீக்ஸ் என்று ஒன்று. வெங்காயத் தாள் மாதிரி, ஆனால் மணிக்கட்டுப் பருமன் இருக்கும். இன்னொன்று குட்டிக் கோசு. நீளத் தண்டு ஒன்று நிற்கும். அதைச் சுற்றிக் கீழிருந்து மேல்வரை நெல்லிக்காய் அளவில் கோசுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். துரைமார் வீட்டில்தான் அதைச் சாப்பிடுவார்கள்.

நாற்பது நாள்

கதீஜா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயதிருக்கும். நல்ல உயரம். சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டு, ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி மண்வெட்டி பிடிப்பாள். குன்னூர் பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பெண். புருஷன் இஸ்மாயில் எங்கள் எஸ்டேட்டின் லாரி டிரைவர். இரண்டு பெண் குழந்தைகள், மும்தாஜ், சைனபா.

யுத்தம் வந்ததும் பட்டாளத்துக்கு டிரைவர்கள் வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். இஸ்மாயில் அண்ணன் போனார். "அவருக்கு லீவுதான் கொடுத்திருக்கிறோம், வீடு அப்படியே இருக்கும்" என்று துரையும் சொன்னார். பர்மா பக்கம் போனதாக ஒரு கடிதம் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எதுவும் வரவில்லை. நான் சொல்லும் அந்த ஆவணியில், கடைசிக் கடிதம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் அக்கா எதைக் கேட்டாலும் நாள் கணக்கைத்தான் கேட்பாள். முள்ளங்கி நாற்பது நாள். கீரை இருபத்தைந்து நாள். அதற்கு மேல் போகிற எதையும் தொடமாட்டாள். "நாப்பது நாளுக்கு மேல என்னால ரோசன பண்ண முடியறதில்ல அம்மிணி" என்று ஒருமுறை சொன்னாள். அதை நான் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அந்த வயதில் மனுஷருக்கு என்ன தெரியும்?

விதை வாங்கிய அன்று இரண்டு பேருக்கும் கோபம். என் கணவர்மேல் இருந்த கோபத்தை நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் காட்டிக்கொண்டோம்.

பாத்திக்கு இறங்கும் வழியில் அக்கா சொன்னாள். "இத நீயே வெச்சுக்க. எங்கண்ணன்கிட்டச் சொல்லி முள்ளங்கி விதை வாங்கியாந்து என்ற பாதில போட்டுக்கறேன்."

"அப்பறம் பாத்தி பாதி பச்சையா, பாதி காலியா இருக்கும். துரை வந்து பாத்தா என்ன சொல்லுவாரு?"

"இது வர்றதுக்கு அஞ்சு மாசமாமில்ல? யாரு காத்துட்டுக் கெடக்கறது?"

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "உங்களுக்கு அவசரமுன்னா எனக்கென்னங்க அவசரம்? நாங்க இங்கதான இருக்கப் போறோம்."

நாங்கள் என்ற சொல்லை நான் அழுத்திச் சொன்னேனா என்று இப்போது நினைவில்லை. சொல்லியிருப்பேன். அக்கா நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு வந்த வழியே திரும்பி மேலே ஏறிப் போய்விட்டாள்.

இழுப்பறையில் இருந்த கடிதம்

சாயங்காலம் அவர் வந்ததும் காப்பியைக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, கண்ணு முன்னால முள்ளங்கி இருக்கறப்பவே இல்லீன்னு சொன்னீங்களே, எதுக்கு?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். என் கணவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அவரைப் போல் பயந்த மனுஷரை நான் பார்த்ததில்லை. அப்போதெல்லாம் துரை எதிரே வந்தால் ஸ்டாஃப் குடையை மடக்கிவிட வேண்டும். மற்றவர்கள் துரையைக் கண்டதும் மடக்குவார்கள். இவர் குதிரையின் குளம்புச் சத்தம் கேட்டதுமே மடக்கிவிட்டு, துரை கடந்து வெகுதூரம் போகும்வரை மழையில் நனைவார். அப்படிப்பட்டவர் துரைசானியின் பக்கத்தில் நின்றுகொண்டு பொய் சொல்லியிருக்கிறார். அதுதான் எனக்குப் புரியவில்லை.

"சரசு, கதவைச் சாத்து" என்றார்.

சாத்தினேன்.

"பத்து நாளைக்கு முன்னால துரை ஒரு கடுதாசி டைப் அடிக்கச் சொன்னார். புது டிரைவர் வர்றான். இஸ்மாயில் ஊடு அவனுக்கு வேணும். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்னு. ஒண்ணாம் தேதி குடுக்கச் சொல்லியிருக்கார். என்ற மேசை இழுப்பறைலதான் இருக்குது."

 மத்தியானம் நான் சொன்ன வார்த்தை காதில் திரும்ப ஒலித்தது.

"பாத்தி நோட்டீஸு ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டார்.

இருந்தது. முதல் வருஷம் ஒரு சூப்பர்வைசரை நடுவில் வேறு டிவிஷனுக்கு மாற்றினார்கள். அவர் போட்ட காலிஃபிளவரைப் புதிதாக வந்தவர் பறித்துவிட்டார். இரண்டு வீட்டாரும் ஃபாக்டரி வாசலில் கட்டிப்புரளாத குறை. அதற்குப் பிறகு துரை ஒரு நோட்டீஸ் ஒட்டினார். யார் விதைத்தார்களோ அவர்களேதான் பறிக்க வேண்டும். பயிர் நிற்கிற வரையில் அந்தக் குடும்பத்தின் வீட்டை மாற்றுவதில்லை. துரையின் கையெழுத்தோடு அது ஆஃபீஸ் சுவரில் இருந்தது. டைப் அடித்தவர் என் கணவர்தான்.

"முள்ளங்கின்னா நாப்பதே நாளு" என்றார். "லீக்ஸு அஞ்சு மாசம் வரும். குட்டிக் கோசு அதுக்கும் மேல. பறிக்கப் பறிக்க வந்துட்டே இருக்குமாமா. துரைசானிகிட்ட நீங்க ரெண்டு பேரும் அதத்தான் ஆசப்பட்டுக் கேக்கறீங்கன்னு சொன்னேன்."

அவ்வளவு யோசித்திருக்கிறார், பத்து நாள், யாரிடமும் சொல்லாமல். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

"அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"எப்புடிச் சொல்றது? நாந்தான் டைப் அடிச்சேன்."

குழாயடி

மறுநாள் காலை குழாயடியில் அக்காவைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்க்காமல் குடத்தை வைத்தாள். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரவெல்லாம் சொல் தேடி வைத்திருந்தேன். வாயில் வந்தது, "அக்கா, நான் மாடு மாதிரிப் பேசிட்டனுங்க" என்பது மட்டும்தான்.

அக்கா அழவில்லை. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

"அண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன் அம்மிணி. கடைக்கு மேல ஒரே ரூமு, ஒம்பது பேரு இருக்கறாங்க. அதுக்கூட ஒண்ணுமில்ல, இருந்துக்கலாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா அவருக்குத் தெரிஞ்ச விலாசம் இது ஒண்ணுதான். கடுதாசி வந்தா இங்கதான் வரும். ஆளே வந்தாலும் இங்கதான வருவாரு?"



குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள். "எது ரொம்ப நாள் நிக்குமுன்னு சொன்ன?"

"குட்டிக் கோசுங்க."

"அப்ப என்ற பாதில முழுக்க அதையே வெச்சிரலாம்."

நாற்று விட்டோம். அதை ஒரு மாதத்தில் பிடுங்கி நட வேண்டும். ஒன்றாம் தேதி என் கணவர் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா அதை வாங்கி, மடித்து, "பயிர் நிக்குதுங்க தம்பி" என்றாள். அதை அவர் துரையிடம் போய்ச் சொன்னார். துரை சுவரிலிருந்த நோட்டீஸைத் தானே ஒருமுறை எழுந்து போய்ப் படித்துப் பார்த்தாராம். "சரி, பயிர் முடிகிற வரைக்கும்" என்றாராம். கையெழுத்து அவருடையதாயிற்றே.

பறிக்கப் பறிக்க

குட்டிக் கோசுபோல ஒரு பயிரை நான் கண்டதில்லை. மார்கழிப் பனி அதற்குப் பால் வார்த்த மாதிரி. மற்ற பாத்திகளில் பீன்ஸும் உருளைத் தழையும் கருகிக் கிடக்க, எங்கள் பாத்தியில் மட்டும் இடுப்பு உயரத்துக்கு நீலப்பச்சைத் தண்டுகள் நின்றன. தை பிறந்ததும் அடித்தண்டில் மணி மணியாகக் கட்டியது. கீழே இருப்பதை ஒடித்து எடுத்தால் பத்து நாளில் அதற்கு மேலே இருப்பது பெருத்துவிடும்.

சாப்பிடுவதுதான் பெரும்பாடு. அளவுக்கு மீறி வெந்துவிட்டால் வீடு முழுக்க ஒரு வாடை. நான் இரண்டாகப் பிளந்து கடுகு தாளித்துப் பொரியல் செய்தேன். அக்கா பட்டையும் கிராம்பும் தட்டிப் போட்டுப் பருப்போடு வேகவைத்தாள். மும்தாஜ் சாப்பிட்டுவிடுவாள். சின்னவள் சைனபா ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் மதில் கட்டுவாள். துரைசானிக்கு வாரம் ஒரு கூடை அனுப்பினோம். அந்த அம்மாள் ஒருநாள் பாத்திக்கே வந்து, தண்டைத் தடவிப் பார்த்து, தன் ஊர்ப் பேரைச் சொல்லிக் கண் கலங்கினார். அவருடைய தம்பியும் எங்கேயோ யுத்தத்தில் இருந்தாராம்.

மாசியில் ஒரு காலை துரையே வந்தார். கூடவே என் கணவர், குடையை மடக்கிக்கொண்டு. நானும் அக்காவும் கோசு ஒடித்துக்கொண்டிருந்தோம். துரைக்குத் தமிழ் தெரியும், தேயிலைத் தமிழ்.

"இது எப்ப முடியும்?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள். "தெரியலீங்க துரை. கீழ பறிக்கப் பறிக்க மேல வந்துட்டே இருக்குது."

துரை தண்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார். இவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் போயிற்று. துரை பிரம்பால் பூட்ஸை ஒருமுறை தட்டிவிட்டு மேலே ஏறிப் போனார்.

ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

மாணிக்கத்தின் மனைவி

புது டிரைவர் மாணிக்கம் அதற்குள் வந்து மூன்று மாதமாகியிருந்தது. மேட்டுப்பாளையத்துக்காரர். வீடு கிடைக்காததால் ஃபாக்டரிக்குப் பின்னால் சாக்கு அடுக்கும் அறையில் தங்கியிருந்தார். அவரைப் பற்றி நாங்கள் அதிகம் யோசித்ததில்லை. தனி ஆள்தானே என்று இருந்துவிட்டோம். யோசிக்காமல் இருப்பது எங்களுக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

பங்குனியில் அவர் மனைவி வந்து சேர்ந்தாள். பேர் ராஜாத்தி. ஏழு மாதம். பெற்றவர்கள் இல்லை. அண்ணி வீட்டில் ரேஷன் அரிசியை வைத்துக்கொண்டு இன்னொரு வயிற்றுக்குப் போட முடியாது என்று பஸ் ஏற்றிவிட்டார்களாம். சாக்கு அறையின் சுவர் கைவைத்தால் ஈரம் ஒட்டும். அந்தப் பெண் ஒரு சாக்கை விரித்து, இன்னொரு சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருமல் ஆரம்பித்திருந்தது.

நானும் அக்காவும் கஞ்சி கொண்டு போனோம். ராஜாத்தி வாங்கிக் குடித்தாள். யார் வீடு, எந்த வீடு என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் ஒரு சொல் கேட்கவில்லை. "காரம் கம்மியா இருக்குதுங்க, நல்லா இருக்குது" என்று மட்டும் சொன்னாள். 

மறுநாள் காலையில் பாத்திக்குப் போனேன். அக்கா எனக்கு முன்னால் வந்திருந்தாள். கையில் அரிவாள். அவளுடைய பாதியில் இருந்த குட்டிக் கோசுத் தண்டுகள், இரண்டைத் தவிர, அத்தனையும் அடியோடு வெட்டுண்டு சாய்ந்து கிடந்தன. நுனியில் இன்னும் கட்டாத மொட்டுகள்கூடப் போயிருந்தன.

"அக்கா! என்னங்க இது? இன்னும் ரெண்டு மாசம் வருமே!"

"வரும் அம்மிணி." அவள் நிமிர்ந்து முகத்தைத் தலைப்பால் துடைத்தாள். "அந்தப் புள்ளைக்கும் ரெண்டு மாசந்தான் இருக்குது. அந்த ஈரத்துல பெத்துட்டா புள்ளயும் இருக்காது, அவளும் இருக்க மாட்டா. நான் ரெண்டு பெத்தவ."

"அப்ப நீங்க?"

"அண்ணன் ஊட்டுக்குத்தான். தபால்காரர்கிட்டச் சொல்லிட்டுப் போறேன். கடுதாசி வந்தா நீ வாங்கி வெச்சுக்க."

நானும் அரிவாளை வாங்கி மீதி இரண்டு தண்டுகளை வெட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

முன்னறை

இதை நான் என் கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போவார். கேட்டுவிட்டு இலையை மடித்தார்.

"நம்ம முன்னறை சும்மாதான கெடக்குது" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்த நாளில் எங்களைப்போன்ற ஒரு வீட்டில் வேறு மதத்து மனுஷி, இரண்டு குழந்தைகளோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது என்றால், அதை ஊரில் என் மாமியார் எப்படி எடுத்துக்கொள்வார் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். அவருக்கு அதெல்லாம் தெரியாமலா இருக்கும்?

"உங்கம்மா?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு நான் எழுதிக்கறேன். துரைகிட்டயும் நானே போய்க் கேக்கறேன்."

போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். சட்டை முதுகு முழுக்க வேர்வை, அந்தக் குளிரில். துரை என்ன சொன்னார் என்று கேட்டேன். "சரின்னார்" என்றார். வேறு என்னென்ன சொன்னார் என்று துருவினேன். நெஞ்சு அடித்துக்கொண்டதில் மற்றது எதுவும் காதில் விழவில்லை என்றார்.

அக்கா அவ்வளவு லேசில் ஒப்பவில்லை. "உங்க ஊட்டாளுக வந்தா என்ன பண்ணுவ?" என்று என்னையே கேட்டாள். வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மாமியார் வந்தார். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் சைனபா தானாகப் போய் அவர் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். அவர் கால் மரத்துப் போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதற்காக மனசு முழுக்க மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். எங்கள் அடுப்பு உள்ளே, அக்காவின் அடுப்பு பின்கட்டில் என்று தனித்தனியாகத்தான் கடைசிவரை இருந்தது. ஆனால் அவர் ஊருக்குப் போகும்போது அக்காவிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

ராஜாத்திக்கு வைகாசியில் ஆண் குழந்தை பிறந்தது, பக்கத்து வீட்டில், உலர்ந்த தரையில். பேறு பார்த்தது கதீஜா அக்கா.

இன்னும் ஒரு வருஷம் போயிற்று. நடுவில் ஒரு நாள் அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. அதில் இருந்தது இங்கிலீஷில் இரண்டே வரி. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், நலமாகி வருகிறேன் என்று அர்த்தம். கீழே தமிழில் இஸ்மாயில் என்று கையெழுத்து. அக்கா அந்த எழுத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். "இ"யைச் சுழிக்கும் விதம் அவருடையதுதான் என்றாள்.

யுத்தம் முடிந்து, அடுத்த மழையும் முடியும் சமயம். புது வருஷத்து விதைகளை நானும் அக்காவும் வாங்கி வந்திருந்தோம். அவள் எங்கள் முன்னறையில் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் வெயிலுக்கு நின்றிருந்தேன். பஸ் ரோட்டிலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவர் மெதுவாக ஏறி வந்தார். இடது கால் கொஞ்சம் இழுத்தது. தாடி பாதி நரைத்திருந்தது. நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

ராஜாத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திறந்தாள். அவர் அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், நிலைப்படியை நிமிர்ந்து பார்த்தார். இரண்டடி பின்னால் வந்தார். ராஜாத்தி ஏதோ கேட்டாள். சுற்றும் முற்றும் தேடி, கடைசியில் என் பக்கம் திரும்பினார். என்னை அவர் முன்பு இரண்டு தடவை பார்த்திருந்தால் அதிகம்.

"அம்மிணி," என்றார், மூச்சு வாங்க. "இப்ப என்ற ஊடு எதுங்க?"

"வாங்கண்ணா," என்றேன். "இதுதானுங்க."